எப்பன்னு சொன்ன ஒரே ஆள்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல லஞ்சத்தையும் மூடநம்பிக்கையையும் சேத்து வந்த கட்டுரைய படிச்சேன். படிப்பில்லாதவங்க, கஷ்டப்படுறவங்கதான் லஞ்சத்த சகஜமா எடுத்துக்கறாங்க, கண்ட வதந்தியையும் அவங்கதான் நம்புறாங்க, அதனால எல்லாரையும் படிக்க வெச்சா சரியாயிடும்னு எழுதியிருந்தீங்க. பாதி சரி. மீதி பாதிய படிக்கறப்ப எழுதினவரு எந்த வரிசைலயும் நின்னதே இல்லையோன்னு தோணுச்சு, கோவிச்சுக்காதீங்க.

நான் நின்ன கதைய சொல்றேன். அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஸ்கேன் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. எப்பன்னு கேட்டா கூப்பிடுவோம்னாங்க, சாயங்காலம் போய் கேட்டா ஷிப்ட் மாறிடுச்சு காலைல வாங்கன்னாங்க, காலைல போனா லிஸ்ட்ல பேரே இல்லன்னாங்க. மூணாவது நாள் ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர் ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னு, என் மூஞ்சிய பாக்காம செவத்தையே பாத்துகிட்டு, "பதினோரு மணிக்கு ஏத்திடலாம், பாத்து செய்யுங்க"ன்னாரு. செஞ்சேன். யோசிக்கக்கூட இல்ல. சொன்ன மாதிரியே பதினோரு மணிக்கு ஏத்திட்டாரு. அந்த கட்டடத்துல மூணு நாளா எனக்கு ஒரு நேரம் சொன்ன ஒரே மனுஷன் அவருதான் சார், அவர் மேல கோவமே வரல, நன்றிதான் வந்துச்சு. எங்களுக்கு முன்னாடி ஃபைல மடில வெச்சுகிட்டு சக்கர நாற்காலில ஒரு பாட்டி உக்காந்திருந்தாங்க, நாங்க உள்ள போறத பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. அவங்க ஸ்கேன் எப்ப எடுத்தாங்கன்னு நான் திரும்பிப் போய் பாக்கவும் இல்ல.

அதே வாரம் இன்னொண்ணு. டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு "பாப்போம்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு பொடி விக்கறவருக்கு போன் போட்டோம். அவரு முக்கா மணி நேரம் பேசினாரு. எந்த பக்கம் ஒருக்களிச்சு படுக்கறாங்க, ராத்திரி எத்தன தடவ முழிக்கறாங்க, இதெல்லாம் கேட்டாரு, கடைசில "நாப்பது நாள்ல எழுந்து நடப்பாங்க"ன்னாரு. நான் சயின்ஸ் படிச்சவன். ஆனா பொடி வீட்டுக்கு வந்துச்சு, அதுல என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, கேக்கணும்னு தோணவும் இல்ல. எனக்கு அப்ப இல்லாம போனது படிப்பா? எப்ப சரியாகும்ங்கறதுக்கு ஒரு பதில் இல்ல, அவ்வளவுதான், அத யார் சொன்னாலும் வாங்கியிருப்பேன்.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்ல. மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல்காரர் முதல் உலகப் போர் சமயத்துல ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல, இப்ப அது பப்புவா நியூ கினில இருக்கு, அங்க தங்கி எழுதினாரு. உள்பக்கம் காயல்ல மீன் பிடிக்கறப்ப மந்திரம் கிந்திரம் எதுவும் கிடையாதாம், அங்க ஆபத்தும் இல்ல மீனும் நிச்சயம். வெளிக்கடல்ல பிடிக்கறதுக்கு மட்டும் ஏகப்பட்ட மந்திரமாம். மக்கள் அதே தீவு மக்கள்தான், தண்ணிதான் வேற. 1991 வளைகுடா போர்லயும் இஸ்ரேல்ல ஏவுகணை விழுற ஊர்கள்ல இருந்தவங்ககிட்ட மத்த ஊர்க்காரங்கள விட மாய நம்பிக்கை அதிகமா இருந்துச்சுன்னு ஒரு ஆய்வு சொல்லுது.

அப்புறம் ஊசில ஏதோ கலக்கறாங்கன்னு பயப்படுறவங்கள பாத்து சிரிக்கறது. அமெரிக்காவுல அலபாமால டஸ்கிகீ பக்கம் 1932லேருந்து 1972 வரைக்கும் அரசாங்க சுகாதாரத் துறையே சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்கள, "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம் பாக்கறோம்"னு சொல்லி ஏமாத்தி, நோய் முத்துறத வேடிக்கை பாத்துச்சு, நடுவுல அத குணமாக்கற பெனிசிலின் மருந்து வந்து எல்லாருக்கும் கிடைக்க ஆரம்பிச்ச அப்புறமும் இவங்களுக்கு குடுக்கல. அந்த குடும்பத்துல பொறந்த ஒருத்தர் ஊசிய பாத்து சந்தேகப்பட்டா அத மூடநம்பிக்கைன்னு எந்த வாயால சொல்றது? அதுக்காக எல்லா வதந்தியும் உண்மைன்னு நான் சொல்ல வரல, தப்பான வதந்தியால உயிர் போறதும் நிஜம்தான்.

சரி, கஷ்டப்படுறவங்கதான் ரூல மீறுவாங்கங்கறதுக்கு வர்றேன். நியூயார்க்ல ஐ.நா. தூதர்கள் பார்க்கிங் அபராதம் கட்டாம விட்டது 1997 கடைசிலேருந்து 2002 வரைக்கும் ஒன்றரை லட்சம் டிக்கெட்டுக்கும் மேல. அவங்கள யாரும் பிடிக்க முடியாது, சலுகை அப்படி. ஊழல் அதிகம்னு பேரெடுத்த நாட்டு ஆளுங்கதான் அதிகமா மீறினாங்க, ஸ்வீடன், நார்வேக்காரங்க மீறவே இல்லன்னு சொல்லலாம், அதனால ஊர்ப்பழக்கம் கூடவே வரும்ங்கறத நானும் ஒத்துக்கறேன். ஆனா தலைக்கு இத்தனன்னு பாத்தா முதல் இடம் குவைத்துக்கு, எண்ணெய்ப் பணத்துல மிதக்கற நாடு! அப்புறம் 2002ல நம்பர் பிளேட்ட கழட்டிடுவோம்னு நகரம் ஆரம்பிச்சதும் மீறல் சுத்தமா குறைஞ்சுபோச்சு. ரத்தத்துல ஊறினதுன்னு நாம சொல்றது அவ்வளவு சீக்கிரமா வடியுமா சார்?

போன மாசம் அம்மாவ கூட்டிட்டு அதே ஆஸ்பத்திரிக்கு போயிருந்தேன். ஸ்கேன் ரூம் வாசல்ல இப்ப ஒரு போர்டு வெச்சிருக்காங்க, பேரும் நேரமும் ஓடுது. 10.40ன்னு காட்டுச்சு, 10.50க்கு கூப்பிட்டாங்க. அந்த ஸ்ட்ரெச்சர்காரர் ஓரமா பெஞ்சுல உக்காந்து போன் பாத்துகிட்டு இருந்தாரு, யாரும் அவர்கிட்ட போகல. டாக்டர் மட்டும் இன்னும் அதே "பாப்போம்"தான். பொடி டப்பாவும் அம்மா அலமாரில அப்படியே இருக்கு, எடுத்து போட விடமாட்டேங்கறாங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்