டாக்டரிடம் போகுமுன் ஒரு தாள்

குன்னூர்,
மார்கழி 12

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பனி இறங்கிவிட்டது. விடியற்காலையில் வெலிங்டன் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. கொழுந்து கருகிவிடுமோ என்று தோட்டக்காரர்களுக்குக் கவலை. பேத்திக்குப் பல் முளைத்தது, பெரியவன் வண்டி மாற்றியது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாய்: "இடுப்பு வலி அப்படியேதான் இருக்கு, எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க." அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எது நார்மல்? படம் நார்மல். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எலும்பு, முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற தட்டு இவற்றின் உருவத்தைக் காட்டும், வலியைக் காட்டாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் 20 வயதிலேயே நூற்றுக்கு 37 பேருக்குத் தட்டு தேய்ந்திருக்கிறது. 80 வயதில் 96 பேருக்கு. அதனால் ரிப்போர்ட்டில் "தட்டு தேய்மானம்" என்று இருந்தால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை என்று இருந்தால் உன் வலி பொய் என்றும் ஆகாது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே தனி இடம் உண்டு; 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நாள்பட்ட வலியில் நரம்புகள் சின்னச் சேதியையும் பெரிதாக்கி அனுப்பப் பழகிவிடும். காயம் ஆறின பிறகும் அந்தப் பழக்கம் போகாது.

யாரிடம் போவது என்று கேட்பாய். எலும்பு டாக்டர் அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதில் கெட்டிக்காரர். வேண்டாம் என்று முடிவானதும் அவர் வேலை பெரும்பாலும் முடிந்துபோகும், அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழுந்ததும் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகித்தான் இளகுகிறதா? சும்மா உட்கார்ந்தால் வலி கூடி, நடமாடினால் குறைகிறதா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? 45 வயதுக்கு முன்பே இப்படித் தொடங்கியிருந்தால் ருமட்டாலஜி என்று போர்டு போட்டிருக்கிற மூட்டுவாத மருத்துவர்தான் சரி. 50 தாண்டிய பிறகு இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் சேர்ந்து இறுகினாலும் அவரிடம்தான். கால் வரை மின்சாரம் மாதிரி இழுத்தால் நரம்பு டாக்டர். "வலி சிகிச்சை" என்ற போர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாக மயக்க மருந்து படித்து, அதற்குமேல் வலிக்கென்று பயிற்சி எடுத்தவர்கள். அவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் உன்னைத் தொட்டுப் பார்க்குமுன்னே ஊசி எத்தனை, விலை எவ்வளவு என்று ஆரம்பித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு.

நேரே கோயமுத்தூர் போக வேண்டாம். ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு திறந்ததே, அங்கே பொது மருத்துவத்தில் காட்டி ரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொள். ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., பிறகு தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, பி12, கால்சியம். இவை கையில் இல்லாமல் கீழே போனால் அங்கேயும் இதையே எழுதித் தந்து "ரிசல்ட்டோடு வாங்க" என்பார்கள். ஒரு நாள் பயணம் வீண்.

இனி அந்தத் தாள். ஓ.பி.யில் உனக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். "எல்லா இடமும் வலிக்குதுங்க" என்று தொடங்கினால் அதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். 14 நாளைக்கு ஒரு தாளில் எழுது: எத்தனை மணிக்கு வலி, பத்துக்கு எத்தனை, அப்போது என்ன வேலை, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன மாத்திரை, அது எவ்வளவு நேரம் கேட்டது. மார்க்கை மட்டும் எழுதினால் பத்தாது. "வலி 8" என்றால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. "முன்னே ஒரு மணி நேரம் நின்று கொழுந்து பறிப்பேன், இப்போ 15 நிமிஷத்தில் உட்கார வேண்டியிருக்கு, இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டினால் இன்னும் சீக்கிரம்" என்றால் அவர் பேனாவை எடுப்பார். மாத்திரைகளின் பெயர் நினைவில்லை என்றால் காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போ. சந்தையில் வாங்கிய பேர் இல்லாத பொடி ஏதாவது சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காதே. அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்; சாப்பிட்ட உடனே சுகம், பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும். பல மாதம் சாப்பிட்டிருந்தால் நீயாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

பெரியவன் கூட வரட்டும், நல்லதுதான். ஆனால் டாக்டர் உன்னைக் கேட்க, அவன் பதில் சொல்லக் கூடாது. இதை வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

வலியை மதிக்கிற டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? கையைப் பார். முதுகின் அடியில் இரண்டு குழி இருக்கிறதல்லவா, அந்த மட்டத்தில் பேனாவால் ஒரு புள்ளி, அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொரு புள்ளி வைத்து, குனியச் சொல்லி டேப்பால் அளப்பார். இடைவெளி 15 செ.மீ. வரை போக வேண்டும். 13ஓடு நின்றுவிட்டால் முதுகெலும்பு மடியவில்லை என்று தெரிந்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து முட்டி மடக்காமல் காலைத் தூக்கி, எத்தனை டிகிரியில் இழுக்கிறது என்று பார்ப்பார். கட்டை விரலால் தசையை அழுத்துவார், தன் நகம் வெளுக்கிற அளவுக்கு மட்டும். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்றும் கேட்பார். அதைக் கேட்டதும் "என்னைப் பைத்தியம் என்கிறாரா" என்று சுருங்கிவிடாதே. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மனசையும் கேட்பவர் வேறு, ஒன்றும் பார்க்காமல் "டென்ஷன்மா" என்று அனுப்புபவர் வேறு.

இந்த மனசு விஷயத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதித் தருவார்கள். மருந்துக்கடைப் பையன் "இது மனநோய் மாத்திரை" என்பான், அட்டை பிரிக்காமல் அலமாரிக்குப் போய்விடும். மனச்சோர்வுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 75 மி.கி.யும் அதற்கு மேலும். 10 என்பது நரம்பின் கூச்சலை அடக்க. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் வாரத்தில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும்தான் தெரியும். படுக்கும்போது போடாமல் எட்டு மணிக்கே போட்டால் காலை மந்தம் குறையும். கண் அழுத்தமோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எழுதினால் தலை சுற்றலாம். அதோடு மலைப்பாதைக்கென்று வாந்தி மாத்திரையும் சேர்த்துப் போட்டால் பஸ்ஸை விட்டு இறங்கவே தள்ளாடும். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பாரசிட்டமால் நாளைக்கு 4 கிராம் எல்லை, வாரக்கணக்கில் என்றால் 3 கிராமுக்குள். வலி மாத்திரை டைக்ளோபினாக்கைத் தினம் விழுங்குவதை மட்டும் விட்டுவிடு ருக்கு, உன் பிரஷருக்கும் கிட்னிக்கும் அது ஆகாது.

ஒரே நாளில் சரியாக்குகிறேன் என்பவரை நம்பாதே. "பாதி குறைந்தால் போதும், ஆறு வாரம் கழித்து இதே தாளோடு வாருங்கள்" என்று தேதி போடுபவரை விடாதே. இடையில் உடற்பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள்; உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடு. பயிற்சியை நல்ல நாளில் அள்ளிச் செய்து மறுநாள் படுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 10 நிமிடம் முடியும் என்றால் 7 நிமிடத்தில் நிறுத்து, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டு. மேட்டுப் பாதையில் வேண்டாம், சமதரையில்.

கோயமுத்தூர் போவதாக முடிவானால் 11 மணிக்குப் பிறகு நேரம் வாங்கு. மேட்டுப்பாளையம் வரைக்கும் மலை இறக்கம், வளைவுக்கு வளைவு உடம்பு தானாக இறுகும். பின்சக்கரத்துக்கு மேலே உட்காராதே. மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு அடுத்த பஸ் ஏறு. பஸ்ஸில் வந்த வலியை டாக்டர் உன் வலி என்று நினைத்துவிடக் கூடாது.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்து செருப்பு நழுவினாலோ, தாளும் வேண்டாம் தேதியும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் தள்ளிப் போடாதே.

14 நாளைக்குக் கோடு போட்ட தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன், அதில் என்ன எழுதுவது என்பது உனக்கே தெரியும். பொங்கலுக்கு அவரை இங்கே அனுப்பினால் அந்தப் பழைய ஸ்கேன் கவரையும் கொடுத்தனுப்பு, ரிப்போர்ட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உன்,
தேவகி