அந்த வெண்கல மனிதர் சாமுவேல் சேப்பின் அல்ல

தமிழில் உலக வரலாற்றுக் கட்டுரைகளும் கலைக்களஞ்சியப் பதிவுகளும் எழுதுகிற, மொழிபெயர்க்கிற, மெய்ப்புப் பார்க்கிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

உயர்ந்த கூம்புத் தொப்பி, விரிந்து பறக்கும் கனத்த மேலங்கி, ஒரு கையில் பருத்த பைபிள், மறு கையில் முண்டும் முடிச்சுமான தடி. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நிற்கிறது 'ப்யூரிட்டன்' என்ற இந்த வெண்கலச் சிலை. சாமுவேல் சேப்பின் என்ற 17ஆம் நூற்றாண்டு ஊர்த்தலைவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் அகப்படுவது இதன் படம்தான். அகப்படட்டும். அவருடைய உருவப்படம் என்று மட்டும் போடாதீர்கள். சேப்பினைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் இறந்து 212 ஆண்டுகள் கழித்து, 1887 நவம்பரில் திறக்கப்பட்ட சிலை இது. வடித்தவர் அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ். வடிக்கச் சொன்னவர் சேப்பினின் வழிவந்த ரயில்வே அதிபர் செஸ்டர் சேப்பின். அதே சிற்பி 1905இல் இதைச் சற்று மாற்றி ஃபிலடெல்ஃபியாவுக்குச் செய்து கொடுத்தபோது அதற்கு 'பில்கிரிம்' என்று பெயர் வந்தது. 1620இல் பிளிமத்தில் இறங்கிய 'பில்கிரிம்'களையும் 1630 முதல் பாஸ்டன் பக்கம் வந்த ப்யூரிட்டன்களையும் ஒன்றாகக் குழப்புவதற்கு இந்த ஒரு பெயரே போதும். முன்னவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே விலகியவர்கள். பின்னவர்கள் அதை உள்ளிருந்து சீர்திருத்த விரும்பியவர்கள்; சேப்பின் இவர்களைச் சேர்ந்தவர்.

தோற்றத்தோடு போனால் பரவாயில்லை. சிலையின் விறைப்பு எழுத்திலும் ஏறிவிடுகிறது. தடியூன்றி ஊரை மிரட்டிய மதவெறியர் என்று ஒருவர் எழுத, காட்டில் நாகரிகம் விதைத்த மகான் என்று இன்னொருவர் எழுதுவார். ஊர்ப் பதிவேட்டில் இருக்கும் சேப்பின் இந்த இருவரும் இல்லை. அவர் நிலம் பிரித்தவர், வரி போட்டவர், கடன் வழக்குக் கேட்டவர், போதகர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையை நடத்தியவர். அவரை எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பு நீளமானதல்ல. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பெயிண்டனில் 1598 அக்டோபரில் திருமுழுக்குப் பெற்றார். சிசிலி பென்னியை மணந்தார். 1638 வாக்கில் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரிக்கு வந்தார். 1641 ஜூனில் 'ஃப்ரீமேன்' ஆனார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மேற்கே கனெக்டிகட் ஆற்றங்கரை ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். 1644இல் ஊரார் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்த ஐந்து நிர்வாகிகளில் அவர் ஒருவர். 1652இல் ஊர் நீதிபதிகள் மூவரில் ஒருவர். 1675 நவம்பர் 11இல் இறந்தார்.

இந்தச் சில வரிகளிலும் இவற்றுக்கு ஆதாரமான பதிவேடுகளிலும் மொழிபெயர்ப்பாளர் இடறும் குழிகள் நிறைய. 'ஃப்ரீமேன்' என்பதை 'அடிமையல்லாதவர்' என்று எழுதிவிடுகிறோம். மாசசூசெட்ஸில் 1631க்குப் பிறகு அது வாக்குரிமை. திருச்சபையில் உறுப்பினராக ஏற்கப்பட்ட ஆணுக்கே கிடைத்தது. 'ஜெனரல் கோர்ட்' பொது நீதிமன்றம் அல்ல, குடியேற்றத்தின் சட்டமன்றம். வழக்கும் கேட்கும், சட்டமும் போடும். 'அசிஸ்டென்ட்' என்றால் ஆளுநர் அவையின் உறுப்பினர், நீதிபதியும் கூட. அவரை 'உதவியாளர்' ஆக்கினால் கோப்பு தூக்கும் ஆளாகிவிடுவார். 'பிளாண்டேஷன்' என்ற சொல்லைத் 'தோட்டம்' என்றால் நம் வாசகருக்குத் தேயிலைத் தோட்டமும் கங்காணியும் நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் புதுக் குடியேற்றம். சேப்பின் வகித்த 'டீக்கன்' பொறுப்பு குருத்துவ வரிசையில் ஒரு படி அல்ல. டீக்கன் சபையார் தேர்ந்தெடுத்த இல்லறத்தார். திருவிருந்து மேசையையும் ஏழைகளுக்கான காசையும் பார்த்துக்கொள்பவர். இவற்றுக்குச் சரியான தமிழ்ச்சொல் அமையாதபோது ஒலிபெயர்த்து ஒரு வரி விளக்கம் போடுவதே மேல்.

தேதிகளில்தான் அதிகத் தவறு நேர்கிறது. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் முதல் 24 நாட்கள் ஆகியவை முந்தைய ஆண்டின் எண்ணிலேயே எழுதப்பட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு சபைக்கூடத்தைக் கட்டித்தரத் தாமஸ் கூப்பருடன் செய்த ஒப்பந்தத்தில் 1644 பிப்ரவரி 28 என்றிருக்கும். நம் கணக்கில் அது 1645. 1646 செப்டம்பர் 30க்குள் வேலை முடிய வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டைத் திருத்தாமல் எழுதினால் ஒன்றரை ஆண்டு வேலை இரண்டரை ஆண்டு வேலையாகிவிடும். திருத்தியிருந்தால் 1644/45 என்று இரண்டு எண்ணையும் காட்டிவிடுங்கள். அடுத்து வருபவர் இன்னொரு முறை திருத்த மாட்டார்.

அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். கூடம் 40 அடி நீளம், 25 அடி அகலம், சுவர் 9 அடி உயரம். பக்கத்துக்கு இரண்டு பெரிய சன்னல்கள், இரு முனைகளிலும் சிறியவை, தெற்கே பெரிய வாசல், மரச்சில்லுக் கூரை, அதன்மேல் இரண்டு சிறு கோபுரங்கள்: ஒன்று மணிக்கு, மற்றொன்று காவல் பார்க்க. கூலி 80 பவுன் (தங்க எடையல்ல, ஆங்கிலப் பணம்: ஒரு பவுன் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்). ஆனால் ஒரு நாணயம்கூடக் கைமாற வேண்டியதில்லை. கோதுமை, பட்டாணி, பன்றியிறைச்சி, வாம்பம், யாரோ யாருக்கோ தர வேண்டிய கடன், உடலுழைப்பு இவற்றிலேயே தீர்க்கலாம். ஒவ்வொரு குடியிருப்பாளரும் அழைத்தபோது வந்து 28 நாள் வேலை செய்துதர வேண்டும். ஊர்த்தலைவர் வேலை என்பது பெரும்பாலும் இதுதான்: கோதுமையாக வந்ததையும் கூலிநாளாக வந்ததையும் பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கில் வரவு வைத்து, யார் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பார்ப்பது. 'புனிதர்களின் ஆட்சி' என்றெல்லாம் தலைப்பு வைப்பதற்கு முன் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடலாம்.

வாம்பம் என்பது சிப்பி, சங்கு ஓடுகளைத் துளையிட்டுக் கோத்த மணி. கடற்கரைப் பழங்குடிகள் செய்தது; வெள்ளையைவிட ஊதா நிறத்துக்கு மதிப்பு அதிகம். உள்நாட்டில் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் மென்மயிர்த் தோல் வாங்க அதுவே பணம். அதை 'ஃபேதம்' கணக்கில் அளந்தார்கள். அகராதியில் 'ஆழ்கடல் அளவு' என்றிருப்பதை அப்படியே இறக்கிவிட வேண்டாம். இங்கே அது ஆறடி நீளச் சரம். பென்னிக்கு ஆறு மணி என்ற விகிதத்தில் 360 மணி கோத்த சரத்துக்கு 5 ஷில்லிங். அடுத்து 'கார்ன்'. அது பொதுவாகத் தானியம். 'இந்தியன் கார்ன்' என்றால் மக்காச்சோளம். இரண்டையும் வெறும் 'சோளம்' என்று எழுதிப்போனால் விலைக் கணக்கே புரியாது. புஷல் என்பது ஏறத்தாழ 35 லிட்டர், மக்காச்சோளமானால் சுமார் 25 கிலோ.

விலைக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு, சேப்பின் வருவதற்கு முன்பே அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றிய ஒரு தகராறு இருக்கிறது. ஊரை 1636இல் நிறுவியவர் வில்லியம் பிஞ்சன், பீவர் தோல் வணிகர். 1638இன் தொடக்கத்தில் ஆற்றின் தெற்கே, கனெக்டிகட் குடியேற்றத்து ஊர்களில் தானியப் பஞ்சம். 500 புஷல் மக்காச்சோளத்தைப் புஷல் 5 ஷில்லிங்குக்குப் பழங்குடிகளிடம் வாங்கித் தரும் பொறுப்பைக் கனெக்டிகட் மன்றம் பிஞ்சனிடம் கொடுத்தது. அந்த விலைக்கு அவர்கள் தரவில்லை. மிரட்டி வாங்குவதற்கும் பிஞ்சன் உடன்படவில்லை. கனெக்டிகட் கேப்டன் ஜான் மேசனை ஆயுதத்தோடு அனுப்பியது. கடைசியில் மேலாற்றில் இருந்த போகம்டக் மக்களிடமிருந்து தானியம் 50 படகுகளில் வந்து சேர்ந்தது. பிஞ்சனுக்கு அபராதம் 40 புஷல். இந்தப் பிணக்கில்தான் ஊர் கனெக்டிகட்டை விட்டு மாசசூசெட்ஸ் பக்கம் சாய்ந்தது. ஆறு தெற்கே போகிறது, ஆட்சி கிழக்கே பாஸ்டனில் இருக்கிறது. சரக்குப் போக வேண்டிய ஆற்றுமுகத்தில் கனெக்டிகட் சுங்கம் போட்டது: தானியம் புஷலுக்கு 2 பென்ஸ், பீவர் தோல் பீப்பாய்க்கு 20 ஷில்லிங். பிஞ்சன் கட்ட மறுத்தார். பதிலுக்குப் பாஸ்டன் துறைமுகத்தில் மாசசூசெட்ஸ் எதிர்ச்சுங்கம் போட்டது. இந்தச் சுங்கச் சண்டை நடந்தது சேப்பின் நிர்வாகியாக இருந்த ஆண்டுகளில். இதைச் சொல்லாமல் அவருடைய ஊரைப் 'பக்திமான்களின் குக்கிராமம்' என்று எழுதுவது, சந்தையைக் காட்டாமல் ஊரைக் காட்டுவது.

சேப்பின் நீதிபதியானது எப்படி என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பிஞ்சன் 1650இல் லண்டனில் ஒரு இறையியல் நூல் வெளியிட்டார். மனிதரை மீட்க கிறிஸ்து நரக வேதனையை அனுபவித்தார் என்ற கருத்தை மறுத்து, மீட்பின் விலை அவருடைய கீழ்ப்படிதலே என்று வாதிட்ட நூல். பாஸ்டன் சந்தைத் திடலில் அதை எரிக்க ஜெனரல் கோர்ட் ஆணையிட்டது. நீதிபதிப் பதவி பிஞ்சனிடமிருந்து மருமகன் ஹென்றி ஸ்மித்துக்குப் போனது. 1652இல் பிஞ்சன், ஸ்மித், போதகர் ஜார்ஜ் மாக்சன் மூவரும் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். ஊரில் வழக்குக் கேட்க ஆளில்லை, பிரசங்கத்துக்கும் ஆளில்லை. வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பிஞ்சனின் மகன் ஜான், மருமகன் எலைசர் ஹோலியோக், இவர்களோடு சேப்பின். ஜானும் எலைசரும் நிறுவனர் குடும்பம். சேப்பின் மட்டும் வெளி ஆள். பத்தாண்டு ஊர்வேலையில் கிடைத்த நம்பிக்கை அது என்பது எங்கள் துணிபு.

அவர்கள் கேட்டவை பெரும்பாலும் கடன், அவதூறு, வேலி தாண்டிய மாடு. வேலி சின்ன விஷயமல்ல. பொது வயலைச் சுற்றிய வேலியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு நீளம். ஒருவர் பங்கில் ஓட்டை விழுந்தால் எல்லோர் விளைச்சலும் போகும். குடியேறியவர்கள் ஆற்றின் மேற்குக் கரையை விட்டுக் கிழக்குக் கரையில் வீடு கட்டியதற்கே காரணம், அவர்கள் மாடு பழங்குடிகளின் பயிரில் மேயும் என்பதுதான். 1636 நிலப்பத்திரத்தில் விலையாக 18 ஃபேதம் வாம்பம், 18 மேலங்கி, 18 கைக்கோடரி, 18 மண்வெட்டி, 18 கத்தி எழுதியிருக்கிறது. அதே பத்திரத்தில், மாடு பயிரை அழித்தால் ஈடு தர வேண்டும், பன்றிகள் கருவாலிக்கொட்டை உதிரும் காலம் தவிர மேற்கே உள்ள அகவாம் கரைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. 'கண்ணாடி மணிக்கு நிலத்தை விற்றார்கள்' என்ற ஒற்றை வரியோடு முடிப்பவர்கள் இந்த நிபந்தனைகளைப் படிப்பதில்லை.

அவதூறு வழக்குக்கு ஒரு மாதிரி, இவர்களுக்கு முன் வில்லியம் பிஞ்சன் வழக்குக் கேட்ட காலத்திலிருந்து. 1649இல் மேரி பார்சன்ஸ் என்ற பெண், மார்ஷ்ஃபீல்டு என்ற விதவையைச் சூனியக்காரி என்று பழித்ததற்கு 20 கசையடி, அல்லது 3 பவுன். கணவர் ஹியூ 24 புஷல் மக்காச்சோளமும் 20 ஷில்லிங் பணமும் கொடுத்தார். கணக்குப் போட்டால் புஷல் 20 பென்ஸ். 1638இல் பிஞ்சனுக்குக் குறித்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டே ஆண்டில் அதே தம்பதி மீதே சூனியக் குற்றச்சாட்டு பாய்ந்தது. உயிர் போகும் வழக்கு என்பதால் வாக்குமூலங்களை மட்டும் இங்கே எடுத்து ஆட்களைப் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். 1652இல் ஹியூ விடுதலையானார். சேலம் வழக்குகள் இதற்கு 40 ஆண்டு பின்னால், 1692இல். சூனியம் என்றதும் சேலத்துக்குத் தாவுகிறவர்கள் கவனிக்க.

சேப்பினைப் புகழ்வதும் எங்கள் நோக்கமல்ல. 1653இல் ஜான் பிஞ்சன் நானோடக் நிலத்தை, இன்றைய நார்தாம்ப்டனை, 100 ஃபேதம் வாம்பத்துக்கும் 10 மேலங்கிக்கும், அத்தோடு பழங்குடிகளுக்கு ஆற்றின் கிழக்கே 16 ஏக்கர் உழுது தரும் வாக்குறுதிக்கும் வாங்கினார். அங்கே ஊர் எல்லை வகுத்த மூவர் குழுவில் சேப்பின் இருந்தார். பீவர் குறையக் குறைய பழங்குடிகள் கடனுக்கு ஈடாக வைக்க நிலமே மிஞ்சியது. 1659-60இல் உம்பன்செலா என்ற தலைவர் ஜான் பிஞ்சனிடம் வைத்த கடன் கணக்கில் துணிகளோடு சேர்த்துக் குடிபோதை அபராதமும் பற்று எழுதப்பட்டிருக்கிறது. அது நிலமாகத் தீர்ந்தது. நல்லெண்ணப் பத்திரமும் கடன் புத்தகமும் ஒரே குடும்பத்துக் கையெழுத்தில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழங்குடிகளோடு மூண்ட போரில் 1675 அக்டோபர் 5இல் ஸ்பிரிங்ஃபீல்டு எரிந்தது. ஏறத்தாழ 30 வீடுகள், இரண்டு டஜன் களஞ்சியங்கள். சேப்பின் இறந்தது அதன்பின் ஐந்தே வாரத்தில். தீயால் இறந்தார் என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய உயிலிலேயே முதுமையும் தளர்ச்சியும் வந்துவிட்டன.

நம்மூர்த் தொடர்பு தேடுவோருக்கு ஒரு சொல். நியூ ஹேவனின் ப்யூரிட்டன் தலைவர் தியோஃபிலஸ் ஈட்டனின் மனைவி ஆன், முதல் கணவர் வழியில், சென்னைக் கோட்டை ஆளுநர் எலிஹு யேலின் பாட்டி. தொடர்பு உண்மைதான், ஆனால் ஈட்டனைப் பற்றிய கட்டுரையில்தான் அதற்கு இடம். சேப்பின் கட்டுரைக்குள் இழுத்துவர வேண்டாம்.

சிலைப்படத்தைப் போட்டே ஆக வேண்டுமென்றால், கீழே இப்படி எழுதுங்கள்: "'ப்யூரிட்டன்', வெண்கலம், ஸ்பிரிங்ஃபீல்டு. சிற்பி அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ், 1887. டீக்கன் சாமுவேல் சேப்பின் நினைவாக, உருவம் கற்பனை."

இப்படிக்கு,
நியூ இங்கிலாந்துக் குடியேற்றக் காலத்து ஊர்ப் பதிவேடுகளைப் படித்துவரும் சிலர்