கேட்பவருக்கும் பங்கு உண்டு

ஆசிரியருக்கு,

புறங்கூறல் பற்றிய யூத மரபை விளக்கிய கட்டுரை நன்று. ஆனால் பேசுபவரோடு நின்றுவிட்டது. தீய பேச்சு சொல்பவர், கேட்பவர், பேசப்படுபவர் மூவரையும் கொல்லும் என்கிறது யூதர்களின் சமயச் சட்ட விளக்க நூலான தால்முத். சொன்னது உண்மையானாலும் குற்றம்தான். 1873-இல் வில்னாவில் வெளியான 'ஹாஃபெட்ஸ் ஹயிம்', தீய பேச்சு பற்றிய யூத விதிகளைத் தொகுத்த நூல், கேட்டதை நம்புவதையே தடுக்கிறது. தேவையானால் எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம், அவ்வளவே.

பைபிளில் எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தில், மோசே அனுப்பி கானான் நாட்டை வேவு பார்த்தவர்கள் அந்நாட்டைப் பழித்துப் பேசுகிறார்கள். தங்கள் கண்ணுக்குத் தாங்கள் வெட்டுக்கிளிகள் போல இருந்ததாகவும், அந்நாட்டார் கண்ணுக்கும் அப்படியே இருந்ததாகவும் சொல்கிறார்கள். அடுத்தவர் கண் இவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் திருச்சபையின் ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கோழைத்தனத்தின் கதையாகவே சொல்லித்தருகிறோம். அந்தப் பேச்சை நம்பி இரவெல்லாம் அழுத இஸ்ரவேல் மக்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்பவரின் பொறுப்பைப் பற்றி இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள்.

- வாசகர், பாளையங்கோட்டை