கொஞ்சம் பொறுங்கள், ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள்

ராயப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக இலவசக் கணினி மையம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,

வரும் ஞாயிறு எல்லா மெஷினையும் துடைத்துவிட்டுப் பழையபடி திருட்டு விண்டோஸ் போடப் போவதாகப் பேரன் சொன்னான். மெஷின்களில் இருக்கும் டெபியன் என்ற லினக்ஸை 11-ம் பதிப்பிலிருந்து 12-க்கு ஏற்றியதும் நெட் போய்விட்டதாம், அதனால் லினக்ஸே உதவாதாம். நேற்று சாயங்காலம் அவனைக் கூப்பிட வந்தபோது இரண்டு மெஷினை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டுக்கும் நோய் வேறு வேறு, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போடப் பார்க்கிறீர்கள்.

வாசல் பக்கத்து மெஷினில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் முகவரிக்கு பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தால்) பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால்தான் முழிக்கிறது. அப்படியென்றால் கேபிள், ரவுட்டர் எல்லாம் சரி, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் படுத்துவிட்டது. டெபியன் 12-ல் அந்த வேலையைப் பார்க்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள், அப்கிரேடில் அது தானாக வராது. இந்த மெஷினின் ரிசால்வ்.கான்ஃப் (எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ஃபைல்) அதை நம்பியிருந்த வெறும் லிங்க், இப்போது அது காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. லிங்கை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஃபைல் வைத்து, நேம்சர்வர் 8.8.8.8 என்று ஒரே ஒரு வரி எழுதினேன், நெட் வந்தது, அப்புறம் அந்தப் பேக்கேஜை இறக்கிப் போட்டேன். பத்து நிமிட வேலை. வெளியீட்டுக் குறிப்பிலேயே இது இருக்கிறது (அதை யார் படிக்கிறார்கள், நானும் ஒருமுறை அடிபட்ட பிறகுதான் படித்தேன்).

மூலையில் இருப்பது வேறு கதை. ரிச்சி தெருவில் வாங்கிய யூஎஸ்பி வைஃபை, டிரைவரை யாரோ டெபியன் 11-ன் 5.10 கெர்னலுக்குக் (லினக்ஸின் மையப் பகுதி) கையால் கம்பைல் செய்து போட்டிருக்கிறார்கள். 12-ல் கெர்னல் 6.1, அந்த டிரைவர் இதில் ஏறாது. மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தேன், வைஃபை உடனே வந்துவிட்டது! அதனால் தயவுசெய்து தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை அடித்து அந்தப் பழைய கெர்னலைத் தூக்கிவிடாதீர்கள். புது டிரைவரை இறக்க, போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் போதும். இந்த முறை, கெர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்பக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாகப் போடுவோம், அதற்கு வேண்டிய கெர்னல் ஹெடர் பேக்கேஜும் கூடவே இருந்தால் அடுத்த கெர்னலுக்கு அதுவே கம்பைல் செய்துகொள்ளும்.

மீதி மெஷின்களை நான் தொடவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன், சாவியை மட்டும் எதிர்க்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மையத்துக்கு வரும் ஒரு பையனின் தாத்தா