ஸ்டிரைக்குக்கு ஒரு தூக்கு எலுமிச்சைச் சாதம்

லாஸ் ஏஞ்சல்ஸ்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே மூவரும் நலம். காட்டுத்தீயின் புகை அடங்கி, ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது.

போன வாரம் போனில், இங்கே மனநல வைத்தியம் பார்ப்பவர்கள் செய்யும் ஸ்டிரைக் பற்றிச் சொன்னதும், "வைத்தியம் பார்க்கிறவங்க ஸ்டிரைக் பண்ணலாமா? அதுவும் மனசு சரியில்லாதவங்களை விட்டுட்டு?" என்று கேட்டீர்கள். மில் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்வதற்குள் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டாள். அவள் காதில் விழ வேண்டாம் என்று சில விஷயங்கள் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

ஸ்டிரைக் நடக்கும் கைசர் பெர்மனென்டே என்பது ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் ஒன்றாக நடத்துகிற பெரிய அமைப்பு. அது தொடங்கிய கதை உங்களுக்குப் பிடிக்கும். 1933இல் இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாலைவனத்தில் கால்வாய் வெட்டிய கூலியாட்களுக்காக ஒரு டாக்டர் சின்ன ஆஸ்பத்திரி வைத்தார். தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து சென்ட் கட்டினால் வைத்தியம். தொழிலாளி காசில் முளைத்த மரம்தான் இது.

அங்கே தெற்கு கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும், பேசிப் பேசியே மனசைக் குணப்படுத்தும் தெரபிஸ்டுகள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என்று சுமார் 2,400 பேர் அக்டோபர் 21ஆம் தேதி வெளியே வந்தார்கள். நூறு நாள் தாண்டிவிட்டது. சம்பளம் கிடையாது. ஸ்டிரைக்கில் இருப்பவர்களுக்கு அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகையும் இல்லை. கொடுக்கலாம் என்று 2023இல் இங்குள்ள சட்டசபை மசோதா போட்டது, கவர்னர் நியூசம் கையெழுத்துப் போடவில்லை.

சம்பளமும் கேட்கிறார்கள், பென்ஷனும் கேட்கிறார்கள். பழைய ஆட்களுக்கு இருந்த பென்ஷன் பிறகு சேர்ந்தவர்களுக்கு இல்லை. 2003க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்த அண்ணி புலம்புவாளே, அதே சங்கதிதான். ஆனால் என்னை உலுக்கியது மூன்றாவது கோரிக்கை: நேரம். வாரத்துக்கு 7 மணி நேரம், நோயாளி எதிரில் இல்லாமல்.

எதற்கு அது என்று நானும் கேட்டேன். கீழ்வீட்டில் இருக்கும் பெண்மணி இந்தத் தொழில்தான். துணி உலர்த்தும் மெஷினுக்கு முன்னால் நின்றபடி விரல் விட்டு எண்ணினார். போன நோயாளி சொன்னதைக் குறித்துவைக்க வேண்டும். வருகிறவருடைய பழைய குறிப்பைப் படிக்க வேண்டும். ஒரு பையனுக்காக அவன் பள்ளிக்கூடத்துக்குப் பேச வேண்டும். வராமல் போன பெண்ணைக் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் கணக்கில் வராத வேலை. கேட்கும்போது அம்மா பீடி சுற்றிய நாள்கள்தான் ஞாபகம் வந்தன. இலை நனைப்பதற்கும் நறுக்குவதற்கும் யார் கூலி கொடுத்தார்கள்?

வடக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் இவர்களுடைய சகாக்கள் 2022இல் பத்து வாரம் நின்று கூடுதல் நேரத்தை வாங்கிவிட்டார்கள். நிர்வாகமோ, சம்பளம் ஏற்கெனவே வெளிச் சந்தையைவிட அதிகம், வெளி தெரபிஸ்டுகளை வைத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. இருக்கலாம். ஆனால் மனநல சிகிச்சையில் இருந்த குறைகளுக்காக இதே நிறுவனம் 2023இல் மாநில அரசோடு சமரசம் செய்துகொண்டு 5 கோடி டாலர் அபராதம் கட்டியது, சரிசெய்ய இன்னொரு 15 கோடி செலவழிப்பதாகவும் ஒப்புக்கொண்டது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் இது எதற்கு?

இனி சொல்வது எங்கள் கதை. எங்கள் இன்சூரன்ஸ் வேறு கம்பெனி. குட்டிப்பையன் பிறந்த மூன்றாம் மாதம், ஒன்றுமே இல்லாமல் அழுகை வரும். பால் கொடுக்கும்போதே வரும். வீடியோவில் உங்களிடம் பேசுவதற்கு முன் முகம் கழுவிக்கொண்டு வருவேன். டாக்டரிடம் போய், ஒரு தெரபிஸ்டைப் பார்த்தேன், நன்றாகத்தான் கேட்டார். அடுத்த முறைக்கு ஏழு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பத்து வேலை நாளுக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது, அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஏழு வாரத்தை எப்படிக் கடந்தேன் என்பது வேண்டாம். இப்போது நன்றாக இருக்கிறேன், சத்தியமாக.

அதனால், அவர்கள் நோயாளியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை அப்பா. அந்த ஏழு வாரத்துக்காகத்தான் நிற்கிறார்கள் என்று படுகிறது.

போன சனிக்கிழமை ஒரு தூக்கு நிறைய எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புச் சட்டை போட்டு எல்லோரும் ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று தூக்கை எட்டிப் பார்த்தார். உங்கள் ஸ்டிரைக்கின்போது பலசரக்குக் கடை அண்ணாச்சி பற்று நோட்டை மூடிவைத்துவிட்டு, "மில் திறந்தப்புறம் பேசிக்கலாம்" என்று அரிசி அளந்தாரே, அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்தக் கடனை முழுக்க அடைத்தோமா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

குட்டிப்பையனுக்கு அங்கே யாரோ விசில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக வீட்டில் தூக்கமில்லை.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். அம்மா கடிதத்தை வாசிக்கச் சொல்வாள். "எங்கள் கதை" வருகிற இடத்தை மட்டும் தாண்டிப் படியுங்கள், நீங்கள் தடுமாறினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அன்புடன்,
செல்வி