பாடநூல் எழுதுகிறவர்களுக்கு: குடலுக்குள் இருக்கும் பிரேக்கைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும்

வணக்கம்.

பள்ளி உயிரியல் புத்தகத்தில் நோய் எதிர்ப்பு பற்றிய பாடத்தை எழுதுகிறவர்கள், சரிபார்க்கிறவர்கள், அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். அந்தப் பாடத்தை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிற ஆசிரியை நான். புத்தகம் எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும், அதனால் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் இந்த ஒரு பாடத்தில் பாதி விஷயம்தான் இருக்கிறது, எதிர்ப்பை அடக்கிவைக்கும் பிரேக் பற்றிய மற்றப் பாதி விட்டுப்போனதால் பிள்ளைகளுக்குப் பின்னால் கெடுதல் வருகிறது என்பதைச் சொந்த வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

போன முறை பாடம் நடத்தும்போது வழக்கம்போல வெள்ளை அணுக்கள் போர்வீரர்கள், கிருமிகள் எதிரிகள், உள்ளே நுழைந்தால் அடையாளம் கண்டு அழித்துவிடும் என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, அதையெல்லாம் ஏன் அடிக்கல?" என்றாள். புத்தகத்தில் இருக்கிற வரியைச் சொன்னேன்: அவை நன்மை செய்யும் பாக்டீரியாக்கள். அவள் உட்காரவில்லை. "அது நல்லதுன்னு வெள்ளை அணுவுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு உங்கள் பாடத்தில் பதிலே இல்லை. நியாயமான கேள்வி அது. குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலையின் மேலுறையிலும் நோய் தரும் சால்மொனெல்லாவின் மேலுறையிலும் லிப்போபாலிசாக்கரைடு என்ற ஒரே வகைப் பொருள்தான் இருக்கிறது, அதை உணரும் ஏற்பியும் ஒன்றுதான். இது நல்லது, அது கெட்டது என்று யாரும் பெயர் ஒட்டி அனுப்பவில்லை. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் கணக்குப் போட்டார்கள், அதில் பெரும்பங்கு பெருங்குடலில். (நம் செல்களைவிடப் பத்து மடங்கு என்ற பழைய கணக்கு அதோடு போய்விட்டது, இன்னும் புத்தகத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.) இவ்வளவு கூட்டத்துக்கும் நம் திசுவுக்கும் நடுவே ஒரு சளிப்படலமும், ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு வரிசையும்தான் இருக்கின்றன. அந்த வரிசைக்கு நேர் கீழே, மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள் உடம்பிலேயே அதிகமாகக் குவிந்திருக்கின்றன. வேறு இடத்தில் ஒரு மேக்ரோஃபேஜ் பாக்டீரியாவைப் பார்த்தால் உடனே ஊரைக் கூட்டும்: காய்ச்சல், வீக்கம், சிவப்பு, வலி, எல்லாம் வரும். குடல் சுவரில் இருக்கும் மேக்ரோஃபேஜோ வழி தவறி உள்ளே வந்த பாக்டீரியாவை விழுங்குகிறது, கொல்கிறது, ஆனால் சத்தம் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்பதுதான் பாடத்தில் இல்லாத பக்கம்.

அதைச் சத்தம் போடாமல் வைத்திருக்கிற முக்கியமான செய்தி, செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதம். 1989-ல், மற்ற செல்கள் சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள்) சுரப்பதை நிறுத்தும் ஒரு பொருளாக இதைக் கண்டுபிடித்தார்கள். அது செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும், உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் விழித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகும், அழற்சியை, அதாவது அந்த வீக்கம், சிவப்பு, வலியை, கிளப்பும் ஜீன்களின் வேலை அடங்கும். ஒரு பிரேக் மாதிரி. இதற்கு என்ன ஆதாரம் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ரொம்ப அழகான ஒரு சோதனை இருக்கிறது. 1993-ல் இன்டர்லூக்கின்-10 ஜீனை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு எடை குறைந்தது, ரத்தசோகை வந்தது, குடல் முழுக்க நாள்பட்ட அழற்சி. நோய்க்கிருமிகள் இல்லாத சுத்தமான கூண்டில் வளர்த்தபோது அழற்சி பெருங்குடலின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டது. அப்புறம் 1998-ல் வெளிவந்த ஆய்வில் அதே சுண்டெலிகளைப் பாக்டீரியாவே இல்லாத சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள், குடல் அழற்சி வரவே இல்லை. அதாவது பிரேக் இல்லாத உடம்பை நோயில் தள்ளியது வெளியிலிருந்து வந்த எதிரிகூட இல்லை, சும்மா குடியிருந்த பாக்டீரியாக்களைப் பார்த்து உடம்பே போட்ட சண்டைதான். மனிதர்களிலும் இது உண்டு. இன்டர்லூக்கின்-10 ஏற்பியின் ஜீனில் பழுதோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே கடுமையான குடல் அழற்சி வருவதை 2009-ல் கண்டறிந்தார்கள், அதில் ஒரு குழந்தைக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை கைகொடுத்தது. இந்த ஒரு பத்தியைப் பாடத்தில் வைத்தால் போதும், அந்த மாணவியின் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. அந்த பிரேக்கை மிதிக்கிற கால் முழுக்க நம்முடையது இல்லை. பாக்டீரியா இல்லாமல் வளர்த்த சுண்டெலியின் பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற, அழற்சியை அடக்கும் வெள்ளை அணுக்கள் குறைவாகத்தான் இருக்கும். (இந்த செல்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது.) 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தைச் சேர்ந்த 46 ரகங்களை அப்படிப்பட்ட சுண்டெலிகளுக்குள் விட்டபோது அந்த டி செல்கள் பெருகின, 2013-ல் மனித மலத்திலிருந்து பிரித்த 17 ரகங்களும் அதையே செய்தன. எப்படி? நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவற்றில் பல நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சின்ன அமிலத்தை வெளியே விடுகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அதோடு, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களை இறுகவைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது, அதனால் ஃபாக்ஸ்பி3 என்ற ஜீன் படிக்கும்படி திறந்தே இருக்கிறது, இளம் டி செல் ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாறுகிறது, இன்டர்லூக்கின்-10 சுரக்கிறது. 2013-ல் ஒரே வருடத்தில் இதுபற்றி மூன்று குழுக்களின் ஆய்வுகள் வந்தன. வெள்ளை அணுவுக்கு நல்லது கெட்டது பார்த்தவுடனே தெரிந்துவிடுவதில்லை, அங்கே குடியிருப்பவை தரும் பொருட்களும் சேர்ந்துதான் அதைப் பொறுமையாக இருக்கப் பழக்குகின்றன என்று அடுத்த நாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அப்போ கெட்ட பாக்டீரியாவும் அதையே செஞ்சா?" என்றாள்.

செய்கின்றன! சால்மொனெல்லா நம் செல்லுக்குள் ஊசி மாதிரி ஒரு கருவியால் தன் புரதங்களைச் செலுத்தும். அதில் ஸ்டீஈ என்ற ஒன்று, நம் செல்லின் சொந்த நொதி ஒன்றையே வளைத்து, மேலே சொன்ன அதே ஸ்டாட்3-ஐ முடுக்கிவிடுகிறது. பிரேக் விழுந்த மேக்ரோஃபேஜுக்குள் சால்மொனெல்லா நிம்மதியாகப் பெருகுகிறது. யெர்சினியா என்ற நோய்க்கிருமி இரண்டு பக்கமும் வேலை செய்யும்: ஒரு புரதத்தால் எச்சரிக்கைச் செய்தியைக் கொண்டுபோகும் நொதிகளை முடக்குகிறது, இன்னொரு புரதத்தால் சுண்டெலிகளில் இன்டர்லூக்கின்-10-ஐச் சுரக்கவைக்கிறது. காசநோய்க் கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு சர்க்கரைக் கொழுப்பும் டென்ட்ரிடிக் செல்லின் (கிருமியைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டும் செல்) ஒரு ஏற்பியைப் பிடித்துக்கொண்டு இன்டர்லூக்கின்-10 பக்கம் தள்ளுகிறது, கக்குவான் இருமல் பாக்டீரியாவும் அந்த வழிக்குப் போகிறது. சண்டை போட்டு ஜெயிப்பதைவிட, சண்டையே ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றுக்கு லாபம். அப்புறம் பார்த்தால், அதிக அழற்சி எப்போதும் கிருமிக்குக் கேடு என்றும் சொல்ல முடியாது. அதே சால்மொனெல்லா குடலின் உட்பகுதியில் இருக்கும்போது அழற்சியைக் கிளப்பிவிட்டு, அதில் பிறக்கும் டெட்ராதயோனேட் என்ற பொருளைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, போட்டி பாக்டீரியாக்களை முந்திவிடும். இடத்துக்குத் தகுந்த மாதிரி பிரேக், இடத்துக்குத் தகுந்த மாதிரி ஆக்சிலரேட்டர்.

இதனால்தான் பாடத்தின் கடைசியில் இருக்கும் அந்த இரண்டு கட்ட அட்டவணையை எடுத்துவிடச் சொல்கிறேன். இடது பக்கம் நன்மை செய்யும் பாக்டீரியா, வலது பக்கம் தீமை செய்யும் பாக்டீரியா. குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற பாக்டீரியாவை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அதன் மேலுறையில் இருக்கும் பாலிசாக்கரைடு-ஏ என்ற பொருளைக் கொடுத்தால், சுண்டெலியின் குடலில் இன்டர்லூக்கின்-10 வழியாக அழற்சி அடங்குகிறது. ஆனால் அதே பாக்டீரியா குடல் கிழிந்து வயிற்றுக்குழிக்குள் போய்விட்டால் சீழ்க்கட்டி உண்டாகும், அந்தக் கட்டியை உண்டாக்குவதும் இதே பாலிசாக்கரைடு-ஏ தான்! இதே இனத்தின் வேறொரு ரகம் ஒரு நச்சைச் சுரந்து, குடல் செல்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை வெட்டி, வயிற்றுப்போக்கைத் தருகிறது. ஒரே பெயர், மூன்று நடத்தை. எந்த ரகம், எந்த இடத்தில், எவ்வளவு, யாருடைய உடம்பில் என்று கேட்கப் பழக வேண்டிய வயதில், இரண்டு கட்டத்தில் பெயரை நிரப்பி ஐந்து மதிப்பெண் வாங்கச் சொல்லித்தருகிறோம்.

இதெல்லாம் மேல்படிப்பில் படித்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். மேலே உயிரியல் படிக்கப் போகாதவர்கள்தான் அதிகம், அவர்களுக்குக் கடைசிவரை கையில் இருப்பது இந்தப் பாடம் மட்டும்தான். என் தம்பி அப்படி ஒருவன். மலத்தில் ரத்தம் போகிறது என்று மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல், எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று அவனாகவே முடிவு செய்து, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கிற மாவையும் மாத்திரையையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் பரிசோதனையில் பெருங்குடல் புண் அழற்சி என்று வந்தது, மருத்துவர் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து எழுதினார். அவன் பயந்துவிட்டான். "இருக்கிற கொஞ்ச சக்தியையும் குறைக்கிற மாத்திரையாக்கா இது?" என்று என்னிடம் கேட்டான். நான் விளக்கினேன், தலையாட்டினான், ஆனால் மூன்று வாரத்தில் யாருக்கும் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டான். மறுபடி ரத்தம், மறுபடி ஆஸ்பத்திரி, ஒன்பது நாள். அவன் முட்டாள் இல்லை. பள்ளியில் படித்ததை நம்பினான். எதிர்ப்பு சக்தி என்றால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றுதான் அவன் புத்தகத்தில் இருந்தது. அதற்கு ஒரு பிரேக் உண்டு, பிரேக் கோளாறும் ஒரு நோய்தான் என்று எங்கேயும் இல்லை. நானும் இத்தனை வருடம் அப்படித்தானே நடத்தியிருக்கிறேன் என்று அந்த ஒன்பது நாளும் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

சரி, பாக்டீரியாவை மாத்திரையாக விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதச் சொல்கிறேனா? இல்லை. தயவுசெய்து அப்படியும் எழுதிவிடாதீர்கள். இன்டர்லூக்கின்-10-ஐயே மருந்தாக்கி கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உடம்பு முழுக்க ஏற்றுவதும் குடல் சுவரில், தேவையான செல்லுக்குப் பக்கத்தில், தேவையான நேரத்தில் சுரப்பதும் ஒன்றில்லை. இந்தத் தோல்வியையும் பாடத்தில் சேருங்கள், விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

நான் கேட்பது ஒரு பக்கம். 1993-ன் சுண்டெலி, நார்ச்சத்திலிருந்து பியூட்டிரேட், பிரேக்கைத் திருடும் சால்மொனெல்லா, இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்கும், வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன், என் பெயர்கூட வேண்டாம். போர்வீரர் படம் இருக்கட்டும், பக்கத்தில் குடல் சுவரின் படம் ஒன்றும் வரட்டும், அதில் பாக்டீரியாவை விழுங்கிவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மேக்ரோஃபேஜ் இருக்கட்டும். அட்டவணையை எடுத்துவிடுங்கள். இந்த வருடம் நான் அதை நடத்தவில்லை, அதற்குப் பதிலாகச் சுண்டெலிச் சோதனையைத்தான் சொன்னேன். தேர்வில் அந்த அட்டவணைக் கேள்வி வந்தால் என் பிள்ளைகளுக்கு ஐந்து மதிப்பெண் போய்விடும், அடுத்த பதிப்புக்குள் பதில் சொல்லுங்கள்.