ஜாக்கி கூகனுக்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சாப்ளின் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 1921இல் வெளியான ‘தி கிட்’ படத்தில் அவரோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகனுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்பதைக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும்.

ஆறு வயதில் உலகப் புகழ். அடுத்தடுத்துப் படங்கள், அவன் முகம் போட்ட பொம்மைகள் என்று முப்பது நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்திருப்பான் என்கிறார்கள். பணத்தை அப்பா பார்த்துக்கொண்டார். 1935இல் நடந்த கார் விபத்தில் அப்பா உட்பட காரில் இருந்த மற்ற எல்லோரும் இறந்துபோக, ஜாக்கி மட்டும் பிழைத்தார். அதே ஆண்டு அவருக்கு 21 வயது நிரம்பியது. ஆனாலும் பணம் கைக்கு வரவில்லை. அம்மாவோ, குடும்பத்தின் வரவு செலவைக் கவனித்தவரையே மறுமணம் செய்துகொண்டார். 1938இல் இருவர் மீதும் ஜாக்கி வழக்குப் போட்டார். கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர்தான்.

எனக்கு மனசே ஆறாத விஷயம், அன்றைய சட்டம் அந்த அம்மாவின் பக்கம் இருந்ததுதான். மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்றது கலிபோர்னியா சட்டம். இந்த வழக்கு கிளப்பிய கோபத்தில்தான் குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தைக் காக்க 1939இல் ‘கூகன் சட்டம்’ பிறந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. சம்பளம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டாக வேண்டும் என்று தெளிவாவதற்கு 2000ஆம் ஆண்டு வரை ஆனது. இணைய வீடியோக்களில் வரும் குழந்தைகளை 2024இல்தான் சேர்த்தார்கள்.

ஜாக்கி அதோடு ஒடுங்கிப் போய்விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டுக்குள் கிளைடர் என்னும் இயந்திரமில்லா விமானம் ஓட்டி வீரர்களை இறக்கினார். 1964இல் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத் தலையோடு அங்கிள் ஃபெஸ்டராக வந்து புதிய தலைமுறையைச் சிரிக்க வைத்தார். 1984இல் காலமானார்.

சரி, நம் ஊரில் என்ன நிலைமை? 2017இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் விதிகள் இங்கேயும் உண்டு. குழந்தை நடிகரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். விளம்பரப் படத்தில் நடித்த ஒரு குழந்தையின் பெற்றோர் எங்கள் உறவினர்கள். இந்த விதி பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொலைக்காட்சிப் போட்டிகளில் பாடி ஆடும் எத்தனை பிள்ளைகளின் பெயரில் அந்தக் கணக்கு இருக்கிறது?

அடுத்த இதழில் இந்த விதிகளை முழுமையாக, எளிய தமிழில் வெளியிடுங்கள். எங்கே விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கைப் பற்றி யாரிடம் கேட்பது, பணத்தைப் போடாவிட்டால் எங்கே புகார் செய்வது என்பதையும் சேர்த்துப் போட்டால் பெற்றோர் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்